உயிர்த்திரள் கொதிகலன்களில் எரிப்பை ஒளிப்படக்கருவியால் அளத்தல்

வைக்கோல், மரச்சில்லு, கரும்புச் சக்கை போன்ற உயிர்த்திரள் எரியும் கொதிகலனுக்குள் தீ எங்கே, எவ்வளவு வெப்பத்தில் எரிகிறது என்பதை ஒளிப்படக்கருவி கொண்டு அறியும் முறை இது. இதன் தொடக்கம் ஒளிப்படத்தில் அன்று, உலையின் பார்வைத்துளையில் கண் வைத்துத் தீயின் நிறத்தைக் கணித்த தொழிலாளரின் அனுபவத்தில் உள்ளது.

அந்தக் கண்மதிப்பை அளவீடாக மாற்ற, 1892இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெ சாத்தலியே ஒளியியல் வெப்பமானியை அமைத்தார். உலையின் ஒளிர்வைச் சிவப்புக் கண்ணாடி வழியே ஒரு விளக்குச் சுடருடன் ஒப்பிடுவதே அதன் வழி. பழுத்த இரும்புக்கு இது பொருந்தியது, சுடருக்குப் பொருந்தவில்லை. சுடரின் ஒளிர்வு, வெப்பநிலையை மட்டுமன்றி அதில் மிதக்கும் புகைக்கரியின் அளவையும் சார்ந்தது. புகைக்கரி குறைந்த கடுஞ்சூட்டுச் சுடரும், புகைக்கரி மிகுந்த குறைசூட்டுச் சுடரும் ஒரே ஒளிர்வுடன் தோன்றக்கூடும்.

இச்சிக்கலை 1932இல் ஹாட்டெல், பிராட்டன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர்கள் தீர்த்தனர். தெரியாதவை இரண்டு என்றால் அளவீடும் இரண்டு வேண்டும். ஒரே சுடரைச் சிவப்பிலும் பச்சையிலும் தனித்தனியே அளந்து, வெப்பநிலை, புகைக்கரி இரண்டையும் கணக்கிட்டனர். 1976இல் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி, ஒளியுணரியின் புள்ளிகள் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என மாறி மாறி அமைந்தது. அழகிய படத்துக்காகச் செய்யப்பட்ட அந்த ஏற்பாடு, 1932ஆம் ஆண்டின் இருநிற முறையைச் சுடரின் பல்லாயிரம் இடங்களில் ஒரே நொடியில் செய்ய வழி தந்தது. ஆனால் கருவியை முன்னதாகவே வெப்பநிலை தெரிந்த உலையொன்றுடன் ஒப்பிட்டுச் சீர்செய்யாவிட்டால் கிடைப்பது படம் மட்டுமே, அளவு அல்ல.

இதற்கான தேவை டென்மார்க்கில் தெளிவாகத் தெரிந்தது. அங்கு 1993இல் ஏற்பட்ட அரசியல் உடன்பாடு, மின்நிலையங்கள் ஆண்டுக்கு 12 லட்சம் டன் வைக்கோலும் 2 லட்சம் டன் மரச்சில்லும் எரிக்க வேண்டும் என்றது. வைக்கோலோ கட்டுக்குக் கட்டு ஈரம் மாறுவது. நகரும் எரிதட்டின் மேல் அது எரிந்து முடியும் எல்லை முன்னும் பின்னும் நகரும். அந்த எல்லை தட்டின் முனையைத் தாண்டினால் எரியாத கரி சாம்பலோடு வெளியேறிவிடும். எல்லையைக் கண்டால்தான் காற்றையும் தட்டின் வேகத்தையும் திருத்த முடியும். எனவே நீரால் குளிர்விக்கும் உறைக்குள் கருவியை வைத்து, வில்லையில் சாம்பல் படியாதபடி காற்றை ஊதிச் சுவர்த்துளை வழியே நோக்குவர்.

வைக்கோலிலுள்ள பொட்டாசியமும் குளோரினும் ஆவியாகி, சூப்பர்ஹீட்டர் குழாய்களில் படிந்து அவற்றை அரிக்கின்றன. சுடர் மறைக்கும் இப்படிவைக் காண 3.9 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளி பயன்படுகிறது. அவ்வலைநீளத்தில் நீராவியும் கரியமில வாயுவும் ஏறத்தாழ ஒளிபுகும் தன்மையுடையவை.

பொட்டாசியம் இன்னொரு தொல்லையும் தந்தது. சூடான அதன் ஆவி 766, 770 நானோமீட்டரில் ஒளிர்கிறது. புகைக்கரியை அளக்கத் தேர்ந்த நிறம் அதன் அருகே அமைந்தால் கணக்குப் பிழைக்கும். ஆய்வாளர்கள் அதே ஒளியைக் குறுகிய வடிகட்டியால் பிரித்தெடுத்து, எரிபொருள் துகளிலிருந்து பொட்டாசியம் எப்போது வெளியேறுகிறது என்பதைக் காணத் தொடங்கினர். தனிமங்களை அவற்றின் ஒளிக்கோடுகளால் அறியலாம் என்று புன்சனும் கிர்க்காஃபும் 1860ஆம் ஆண்டளவில் காட்டிய அதே வழிதான் இது. எனினும் ஆவி அடர்ந்தால் தன் ஒளியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அப்போது படத்தில் தெரியும் ஒளிர்வு உள்ள அளவைவிடக் குறைத்தே காட்டும்.