இடாப்பும் திறவுகோலும்

வன்னியிலே நானறிந்த பாடசாலையொன்றின் அலுவலக அறையில் ஒரு கணினி உண்டு. அதன் திரையோரத்திலே சிறு காகிதத் துண்டொன்று ஒட்டப்பட்டிருந்தது. பாடசாலையின் பெயரும் அதனைத் தொடர்ந்து மூன்று இலக்கங்களும் அதில் எழுதப்பட்டிருந்தன. அதுவே கடவுச்சொல். அதிபரும் எழுதுவினைஞரும் ஆசிரியர்களும் மாத்திரமன்றி, இடமாற்றம் பெற்றுச் சென்றோரும், பயிற்சிக்கென வந்து இடையிலே விலகிய இளைஞரொருவரும் அதனை அறிவர். அக்கணினியில் இருந்தவை பரீட்சைப் புள்ளிகள் மட்டுமல்ல. தந்தை உயிருடன் உள்ளாரா, காணாமலாக்கப்பட்டாரா, புனர்வாழ்வு பெற்றவரா. தாய் தனித்துக் குடும்பத்தைத் தாங்குகிறாரா. பிள்ளையின் உடலில் எறிகணைச் சிதறல் உண்டா என்பனவெல்லாம் அதிலே பதிவாகியிருந்தன.

இதனைச் சுட்டிக்காட்டியபோது, "எங்கட பிள்ளையளின்ர விபரம் ஆருக்குத் தேவை, சேர்?" என்று ஒருவர் சிரித்தார். அக்கேள்விக்கு விடையை வன்னியின் வரலாற்றிலேயே தேடல் வேண்டும்.

மக்களை இடாப்பில் எழுதுதல் ஆட்சியாளரின் பழந்தொழில். ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் வரியையும் ஊழியத்தையும் கருதி எழுதப்பட்டவை. பிரித்தானியர் ஆட்சியில் அத்தொழில் செம்மைப்பட்டது. 1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்பதை வாசகர் அறிவர். அக்கால ஏடுகளுக்கு இயல்பாகவே ஒரு வேலி இருந்தது. அவை பாரமானவை. கச்சேரியின் பதிவறையிலே ஒருவரின் விபரத்தைக் காணவேண்டுமாயின் காப்பாளரிடம் கேட்கவேண்டும், ஏட்டைத் தேடியெடுக்கவேண்டும், ஒரு மாவட்டத்து மக்களின் விபரங்களைக் களவாட விரும்புபவன் வண்டி கொண்டுவரவேண்டும். சட்டம் செய்யாத காவலைக் காகிதத்தின் பாரம் செய்தது.

ஆயினும் அந்த வேலியும் போதாது என்பதை 1983 ஜூலை காட்டியது. கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. வாக்குரிமையின் பொருட்டு ஆக்கப்பட்ட ஆவணம் கொள்ளைக்கும் கொலைக்கும் வழிகாட்டியாயிற்று. எவரும் பூட்டை உடைக்கவில்லை. உள்ளிருந்தோ அனுமதியுடனோ வெளியே வந்த ஏடுகளே அவை. 1977 இலும் 1983 இலும் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் விரட்டப்பட்டோரில் ஒரு பகுதியினர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினர். இன்று எமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுட் சிலர் அவர்களது பேரப்பிள்ளைகள்.

அதன் பின்னர் வன்னி மக்களைப் போல் எழுதப்பட்டோர் இந்நாட்டில் வேறெவரும் இலர் எனலாம். வவுனியாவிலே நாட் பாஸ், வாரப் பாஸ், மாதப் பாஸ் என்று மனித நடமாட்டமே துண்டு துண்டாக்கி வழங்கப்பட்டது. சிதம்பரபுரம் முகாமைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கிலே 2002 இல் உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்தது. அரசை மட்டும் கூறி மற்றதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. குடும்பத்துக்கு ஒருவர் என்ற புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பு 2006 இன் பின்னர் கடுமையானபோது, எந்த வீட்டிலே எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு எத்தகைய ஆயுதம் என்பதை வன்னித் தாய்மார் கண்ணீருடன் அறிந்தனர்.

2009 இல் போரிலிருந்து மீண்ட இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இருந்தது செட்டிகுளம் மெனிக் பாமிலே. அங்கு ஒரு பகுதிக்கு இராமநாதன் முகாம் என்றும், இன்னொரு பகுதிக்கு அருணாசலம் முகாம் என்றும் பெயர். குடிசன மதிப்பு நடத்தியவரின் பெயரைத் தாங்கிய முட்கம்பி வேலிக்குள்ளே நாம் எண்ணப்பட்டோம். பெயர் சூட்டியவர்கள் இதனை அறிந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. 2011 இல் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் படையினர் வீடு வீடாகக் குடும்ப விபரமும் புகைப்படமும் திரட்டினர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தை நாடியதைத் தொடர்ந்து, அந்தப் பதிவை நிறுத்துவதாக அவ்வாண்டு மார்ச்சிலே சட்டமா அதிபர் தரப்பு உறுதியளித்தது. திரட்டப்பட்டவை எங்கே உள்ளன, எவர் பார்க்கின்றனர் என்ற வினா எஞ்சி நின்றது.

இவ்விடத்திலேதான் கணினி வருகின்றது. ஒரு மாவட்டத்தின் குடும்பங்கள் யாவும் இன்று விரல் நகத்தளவு நினைவகத்துள் அடங்கிவிடுகின்றன. காகிதத்தின் பாரம் என்ற பழைய காவல் மறைந்துவிட்டது. அதன் இடத்தை நிரப்பவேண்டியது அணுகல் ஒழுங்கு: ஒருவருக்கு ஒரு கணக்கு, அவரது வேலைக்கு வேண்டிய அளவே உரிமை, எவர் எப்போது எதைப் பார்த்தார் என்ற பதிவு, பணி முடிந்த அன்றே அவரது உரிமை நீக்கம்.

கடவுச்சொல்லின் பிறப்பே இது எளிதன்று என்பதைக் காட்டுகின்றது. 1961 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே கோர்பற்றோ என்பாரின் குழுவினர் பலரும் பகிர்ந்து பயன்படுத்தத்தக்க கணினி முறைமையை உருவாக்கி, ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் வழங்கினர். மறு வருடமே அலன் ஷேர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பை அச்சிடும்படி துளையட்டை மூலம் கணினிக்கே கட்டளையிட்டு, அச்சுப்பிரதியை எடுத்துச் சென்றார். அவர் வெளியிலிருந்து வந்த திருடரல்லர். அனுமதி பெற்ற பயனர்.

எமது நாட்டு அனுபவமும் வேறன்று. 2016 இல் ஜனாதிபதியின் இணையத்தளத்துள் நுழைந்து உயர்தரப் பரீட்சைக் காலத்தைப் பற்றி முறையிட்டதாகக் கைதானவர் 17 வயது மாணவர். (ஆசிரியன் என்ற முறையில் அம்மாணவனிடம் எனக்குக் கோபம் வரவில்லை, அவ்வளவு எளிதிற் திறந்த கதவே என்னை அச்சுறுத்துகின்றது.) 2021 இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரச மேகக் கணினியிலிருந்து அழிந்தன, அவற்றைப் பேணிய தனியார் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் கைதானார். 2023 ஓகஸ்டிலே கப்பம் கோரும் தீநிரல் அதே அரச மேகத்தைத் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன; மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்கு மறுபிரதியே இருக்கவில்லை. காலாவதியான மென்பொருளே அங்கு இயங்கியது. தலைநகரத்து அமைச்சரவை அலுவலகத்தின் கதி இதுவாயின், வன்னியிலுள்ள பாடசாலையொன்றின் காகிதத் துண்டை நாம் எவ்வளவு குறைகூற முடியும்?

இந்நிலையிலேதான் முகம், கண், கைரேகை ஆகியவற்றைத் திரட்டும் எண்ணியல் அடையாள அட்டைத் திட்டம் வருகின்றது. 2022 இல் ஒப்பந்தமான இத்திட்டத்துக்கு இந்தியா 300 கோடி இந்திய ரூபாவை நன்கொடையாக அளிக்க முன்வந்தது. அதே இந்தியாவின் ஆதார் முறைமையிலே 2018 ஜனவரியில் நிகழ்ந்ததை நோக்குக. 'ட்ரிபியூன்' பத்திரிகையின் நிருபர் முகவரொருவருக்கு 500 ரூபா செலுத்தினார். சில நிமிடங்களிலே நுழைவுப்பெயரும் கடவுச்சொல்லும் அவர் கைக்கு வந்தன. எந்த ஆதார் இலக்கத்தை இட்டாலும் உரியவரின் பெயரும் முகவரியும் திரையிலே தோன்றின. கொழும்பிலோ 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வருமெனக் குறிக்கப்பட்டு, அந்நாள் வருமுன்னரே பிற்போடப்பட்டன. தரவு திரட்டும் அவசரம் அதனைக் காக்கும் சட்டத்துக்கு இல்லை.

அந்தப் பாடசாலைக் கணினி தவறான கைக்குப் போனால் யாருக்கு இலாபம்? புனர்வாழ்வு பெற்றோரின் வாசலுக்கு அடிக்கடி வரும் விசாரணையாளருக்கு. கணவனை இழந்த பெண்ணை வாரத் தவணையிற் சிக்கவைக்கும் நுண்கடன் முகவருக்கு. தேர்தற் காலத்துத் தரகருக்கு. நகரத்துச் செல்வருக்குத் தரவுக் கசிவென்பது வங்கிக் கணக்கின் நட்டம். இங்கே அது ஒரு குடும்பத்தின் உறக்கம்.

அந்த அலுவலகத்திலே காகிதத் துண்டு இப்போது கிழிக்கப்பட்டுள்ளது. எழுதுவினைஞர் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு கணக்கு ஆக்கித் தந்தார். அதற்கு ஒரு முற்பகலே சென்றது. பணம் எதுவும் செல்லவில்லை. சென்றவர்களின் பெயர்களை நீக்கும்போது, "இவையெல்லாரும் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்திருக்கலாம், என்ன?" என்றார் அவர்.

வழிப்போக்கனும் பார்க்கத்தக்கவாறு ஏடுகள் கிடக்கும் இதே நாட்டில் திறக்கப்படாத ஏடுகளும் உண்டு. 2017 பெப்ரவரி 20 ஆந் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியிலே காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அமர்ந்தனர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அடுத்தடுத்துப் பந்தல்கள் எழுந்தன. இறுதிப் போரிலே சரணடைந்தோரின் பட்டியலை, தடுத்துவைக்கப்பட்டோரின் பட்டியலை அவர்கள் கேட்டனர். அவ்வாண்டு ஜூன் 12 இல் யாழ்ப்பாணத்திலே அவர்களைச் சந்தித்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அப்பட்டியல்களை வெளியிட ஆவன செய்வதாக வாக்களித்தார். அவை வெளியிடப்படவில்லை.