கண்ணாடியை உடைத்தால் கேட்கும் மணி: பம்பாய், 1944

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் நின்றிருந்த 'ஃபோர்ட் ஸ்டிக்கைன்' கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்கள் இருந்தன. கராச்சியில் அதே கப்பலில் பஞ்சுப் பொதிகள், மசகெண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், கந்தகம் ஆகியனவும் ஏற்றப்பட்டன. இரண்டாம் சரக்கறையின் அடித்தளத்தில் பஞ்சு. அதற்கு மேல்தட்டில் எளிதில் வெடிக்கும் வகைப் பொருள்கள். போர்க்காலத்தில் கப்பலிடம் கிடைப்பதரிது என்பது அன்றைய நியாயம். அந்த நியாயம் பஞ்சுக்குத் தெரியாது.

அழுத்திக் கட்டிய பொதியில் பற்றும் தீ வெளியே சுடர்விடுவதில்லை, உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். பொதிக்குள் சிக்கிய காற்றே அதற்குப் போதும். மேலிருந்து பாய்ச்சும் நீர் கனல் இருக்கும் இடத்தை எட்டுவதரிது. பிற்பகல் சுமார் 2 மணிக்குப் புகை கண்டபின் தொள்ளாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட நீர் இறைக்கப்பட்டும் தீயின் மூலம் அகப்படவில்லை. மாறாக, ஏறிவந்த நீர் எரியும் பஞ்சை மிதக்கவைத்து வெடிபொருள் இருந்த தட்டை நோக்கி உயர்த்தியது. கிடங்குகளில் நீர்த்தெளிப்பான் பொருத்துவதைப் பற்றி இன்று பேசுவோரும் கருதவேண்டிய செய்தி இது. நீர் எவ்வளவு என்பதோடு, எப்பொருள் எதன் மேல் அடுக்கப்பட்டுள்ளது என்பதும் கணக்கில் சேரும்.

மொழியியல் பயில்வோரின் கவனத்துக்குரியது வேறொரு செய்தி. வெடிபொருள் ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி ஏற்றுவது வழக்கம். போர்க்காலத்தில் இக்கப்பலில் அது பறக்கவில்லை. தீயணைப்பு வீரர் ஒருவர் வெடிபொருள் கப்பலில் தீ எனத் தொலைபேசியில் அறிவிக்கச் சென்றார். இணைப்புக் கிடைக்கவில்லை. அருகிலிருந்த அபாய மணியின் கண்ணாடியை உடைத்தார். அந்த மணிக்குச் சொல்லத்தெரிந்தது ஒன்றே: 'தீ'. எதில், எத்தகையது என்பதற்கு அதனிடம் குறியில்லை. ஆகவே வழக்கமான அளவில் இரண்டு நீரிறைப்பு வண்டிகளே முதலில் வந்தன.

அதன்பின் பேச்சுக்குக் குறைவில்லை. கப்பலைக் கடலுக்கு இழுத்துச் செல்க என்றார் ஒருவர். மூழ்கடிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். நீரிறைப்பைத் தொடர்வதே சரி என்றார் மற்றொருவர். துறைமுகம், இராணுவம், தீயணைப்புத் துறை, மாலுமி என அதிகாரங்கள் பல இருந்தும் முடிவான ஆணையிட எவரும் முன்வரவில்லை. இவ்வரலாற்றில் ஆவணங்களைப் படிப்போர்க்கு மிகுந்த அயர்ச்சி தரும் பகுதி இதுவே. மாலை 4.06க்கு முதல் வெடிப்பு. அரைமணி கழித்து இரண்டாவது, முன்னதினும் பெரியது. சிம்லாவின் நிலநடுக்கப் பதிவுக்கருவி அதிர்வைக் குறித்துக்கொண்டது. மாண்டோர் எண்ணூறுக்கும் மேல். அவருள் 66 பேர் தீயணைப்பு வீரர்.

அரசின் தணிக்கையால் இந்திய நாளிதழ்கள் செய்தியை உடனே வெளியிட இயலவில்லை. அதற்குள் ஜப்பானியர் கட்டுப்பாட்டிலிருந்த சைகோன் வானொலி மறுநாளே விவரமாக ஒலிபரப்பிவிட்டது. கப்பலில் வந்த பொன்கட்டிகள் சில, பல ஆண்டுகள் கழித்தும் துறைமுகச் சேற்றிலிருந்து எடுக்கப்பட்டன. ஏப்ரல் 14 இன்று நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாக நினைவுகூரப்படுகிறது.