பீட்டர் தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் (1935–2008): இந்தியக் கால்பந்துக் கோல்கீப்பர், ஐதராபாத்தில் பிறந்தவர். நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் படைப்பிரிவில் சேர்ந்தார். முன்கள வீரராகத் தொடங்கியவர் கோல்கம்பத்துக்கு மாறினார். இந்தியக் கால்பந்துக்கு அது பெரும் நல்வாய்ப்பு. ரெஜிமென்ட் அணி 1955, 1958இல் டூரண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்ன் (1956), ரோம் (1960) ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்றார்.

நெடிய உருவம், உயரப் பந்துகளைப் பிடிப்பதில் வல்லவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதிப் போட்டியில், இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் நடுவே கோல் காத்தார். தென்கொரியாவை 2–1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அக்காலத்தில் இந்திய வீரர்களுக்குக் கால்பந்து முழுநேரத் தொழில் அல்ல. படைப்பணியே பலருக்குச் சோறு போட்டது. அவர் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார், பொக்காரோவில் காலமானார்.