வெயில் வேறு, வெக்கை வேறு: கருநிறமியின் வரலாற்றிலிருந்து

கோடை தொடங்கியதும் கேரளத் தொழிலாளர் துறை வழக்கமாக ஓர் ஆணை பிறப்பிக்கிறது: திறந்தவெளியில் உழைப்போருக்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு. பாலக்காட்டுக் கணவாயின் கட்டுமானத் தொழிலாளர் இதனால் பயன்பெறுகின்றனர். கடல்மட்டத்திலிருந்து 3000 அடிக்கு மேற்பட்ட, வெப்பத் தாக்குதலுக்கு வாய்ப்பில்லாத பகுதிகளுக்கு விலக்கு உண்டு. இடுக்கியின் தமிழக எல்லையோரம், ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் அமைந்த மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்கள் அந்த உயர எல்லைக்கு மேலே உள்ளவை. வெப்பத்தை மட்டும் கருதினால் இவ்விலக்கில் பிழையில்லை. ஆனால், வெயிலில் தோலைச் சிதைப்பது வெப்பமன்று.

இது 1821இலேயே அச்சேறிய செய்தி. எவரார்ட் ஹோம் என்னும் லண்டன் அறுவை மருத்துவர் தம் கைகளையே வெயிலில் நீட்டிச் சோதித்தார். வெறுங்கை கொப்புளித்தது. கறுப்புத் துணியால் மூடிய கையோ, அங்கே வெப்பமானி கூடுதல் வெப்பத்தைக் காட்டியபோதும், புண்படவில்லை. கருநிறம் வெப்பத்தை ஈர்க்கும். ஆயினும் ஒளியின் தாக்குதலைத் தடுக்கும் என்ற முரணை ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அவர் பதிவுசெய்தார். (வெயில், வெக்கை எனத் தமிழ் இரண்டையும் பிரித்தே வழங்குவது இங்கு நினைக்கத்தக்கது.) தோலைச் சிவக்கச் செய்வது புறஊதாக் கதிரே என்பதை 1889இல் சுவீடனின் விட்மார்க் நிறுவினார். பின்னர் டென்மார்க்கின் ஃபின்சன் தம் முன்கையில் இந்திய மையால் ஒரு பட்டை தீட்டி வெயிலில் காட்டினார். மையின் கீழிருந்த தோல் மட்டும் சிவக்காமல் எஞ்சியது.

உடல் தானே செய்துகொள்ளும் மை மெலனின். டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து, டைரோசினேஸ் நொதியின் துணையுடன், நிறமிச் செல்கள் அதனை ஆக்குகின்றன. நுண்பைகளில் அடைபட்டு அண்டைச் செல்களுக்குச் செல்லும் மெலனின், அங்கே உட்கருவின் மேல் குடைபோல் கவிந்து, டி.என்.ஏ.வைக் காக்கிறது.

குடியேற்றக் கால மருத்துவம் இப்பாடத்தைக் குழப்பிக்கொண்டது. அமெரிக்கப் படை மருத்துவர் சார்லஸ் உட்ரஃப் 1905இல் வெளியிட்ட நூலில், வெப்பமண்டல ஒளி வெள்ளையரின் நரம்பு மண்டலத்தையே அழிக்கும் என்று வாதிட்டார். அவ்வச்சத்தில் பிலிப்பைன்ஸில் படைவீரர்களுக்குச் செம்மஞ்சள் உள்ளாடை அணிவித்துப் பார்த்தனர். பயன் ஏதுமில்லை, வெக்கைதான் மிகுந்தது என்று 1910இல் அறிக்கை வந்தது. இந்தியாவிலோ துரைமார் நெட்டியால் ஆன சோலா தொப்பியின்றி வெளியே இறங்கமாட்டார்கள். கருந்தோலர் வெயிலுக்கென்றே பிறந்தவர் என்ற எண்ணமும் இவற்றுடன் சேர்ந்தே வளர்ந்தது. கங்காணிகள் வழியே மலையேறிய தமிழ்த் தொழிலாளரின் தோலில் இயற்கை வகுத்த காப்பு, உழைப்பு வாங்குவோருக்கு வசதியான நியாயமாயிற்று.

அக்காப்பு முழுமையானதன்று. 1979இல் கைட்பி குழுவினர் அமெரிக்காவில் அளந்தபோது, கருந்தோலின் இயல்பான காப்பு எண் 13.4; வெண்தோலுக்கு 3.4. இந்தியத் தோல்கள் பல இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. கண்வில்லைக்கோ மெலனின் குடை இல்லை. கண்புரைக்குப் புறஊதாக் கதிரும் ஒரு காரணம்.

உயரம் 1000 மீட்டர் கூடுந்தோறும் புறஊதாக் கதிர் 10 விழுக்காடு அளவில் மிகும். மேகமற்ற நண்பகலில், பாலக்காட்டு வயலைவிட மூணாற்றுச் சரிவில் குளிர் அதிகம், கதிரும் அதிகம். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட புறஊதாக் குறியீட்டு எச்சரிக்கைகளில் மூணாறும் இடம்பெற்றது. 3000 அடி விலக்கு வெப்பத்தைக் கொண்டே வகுக்கப்பட்டது.