வளர்ப்புப் பிள்ளைக்கும் வாரிசுரிமை

சேசு சபைக் குரு பூஷே சுவாமிகள் 1697-ஆம் ஆண்டில் ஆவூரில் ஆலயம் எழுப்பிய வரலாற்றை இம்மலரில் மற்றவர்கள் விரிவாக எழுதியிருப்பார்கள். அடியேன் சொல்ல விழைவது கோயில் வரலாறன்று. நம் குடும்பங்களைத் தொட்ட ஒரு சட்டத்தின் வரலாறு.

புனித சூசையப்பர் இயேசு பாலனைப் பெற்றவர் அல்லர், வளர்த்தவர். ஆயினும் தாவீதின் வம்சத்தார் என்னும் உரிமை அவர் வழியாகவே நம் ஆண்டவருக்குக் கிடைத்தது. வளர்ப்புத் தந்தையின் மாண்பை இவ்வளவு உயர்த்திப் பேசும் நம்மிடையே, பிள்ளையில்லாத் தம்பதியர் ஒரு குழந்தையைச் சட்டப்படி தத்தெடுக்க நெடுங்காலம் வழியில்லாதிருந்தது!

1876–78-ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த எத்தனையோ குழந்தைகளைத் தமிழகத்து மிஷன்கள் ஏற்று வளர்த்தன. சோறும் கல்வியும் தர முடிந்தது. ஒரு குடும்பத்தின் பெயரைத் தர சட்டம் இல்லை. 1956-ஆம் ஆண்டின் தத்துச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுமே. கிறிஸ்தவர்களுக்கு எஞ்சியது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். அதன்படி வளர்த்தவர் 'காப்பாளர்' மட்டுமே. பிள்ளை வயது வந்ததும் அவ்வுறவும் சட்டத்தின் கண்ணில் முடிந்துபோகும். உயில் எழுதாமல் வளர்த்தவர் இறந்தால் சொத்து உறவினரைச் சேரும். பிள்ளை வெளியே நிற்கும்.

திருச்சபைச் சட்டம் என்ன சொல்லிற்று? நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவர் தத்தெடுத்தவரின் பிள்ளையாகவே கருதப்படுவார் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 110-ஆம் விதி. ஆனால் அந்த நாட்டுச் சட்டமே நமக்கு இல்லையே! ஆகவே சட்டத்தைக் கேட்டுப் பெறுவதும் திருச்சபையின் கடமையாயிற்று.

எல்லா மதத்தினருக்கும் பொதுவாக 1972-லும் 1980-லும் வந்த தத்து மசோதாக்கள் நிறைவேறவில்லை. 1990-களில் கத்தோலிக்க ஆயர் பேரவையும், பிற திருச்சபைகளும், மகளிர் அமைப்புகளும் கலந்து பேசி, கிறிஸ்தவர்களுக்கான திருமண, தத்து மசோதாக்களை அரசின் முன் வைத்தன. தத்து மசோதா சட்டமாகவில்லை. எனினும் வழி வேறு பக்கமாகத் திறந்தது. கிறிஸ்தவத் தம்பதியர் தத்தெடுத்த மகனுக்குச் சொத்துரிமை உண்டு என 1999-ல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006-ஆம் ஆண்டுத் திருத்தமும், மத வேறுபாடின்றி, தத்துப்பிள்ளை எல்லா உரிமைகளோடும் சொந்தப் பிள்ளையே என உறுதி செய்தன. இப்போது நடப்பிலிருப்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

பங்கு மக்களே! போராடிப் பெற்ற இவ்வுரிமையை நாம் அறியாதிருத்தல் ஆகாது. பரிதாபப்பட்டு யாரிடமேனும் குழந்தையை நேரே வாங்கி வளர்ப்பது அன்பாகத் தோன்றலாம். ஆனால் சட்டமுறை தவறிய தத்து இன்று தண்டனைக்குரிய குற்றம். நாளை உரிமையிழந்து தவிக்கப்போவதும் அக்குழந்தையே. உறவினர் பிள்ளையாயினும் முறைப்படி விண்ணப்பியுங்கள். ஆணை கிடைத்தபின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பெற்றோராக உங்கள் பெயர் ஏறட்டும்.

பெரியநாயகி மாதாவின் பிள்ளைகளாகிய நம் ஊரில், தாயற்ற பிள்ளையென்று எவரும் இல்லாதிருக்க இந்த ஜூபிலி ஆண்டில் உறுதி பூணுவோமாக!