கல்யாண வீட்டு 'எக்ஸ்பிரஸோ' நிஜ எஸ்பிரெசோ தானா? வீட்டிலேயே போடுவது எப்படி?

திருப்பூர், அவினாசி, பல்லடம் பக்கம் கல்யாண மண்டபத்துக்குப் போனால் பந்திக்கு வெளியே 'உஷ்ஷ்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஆவி பறக்கும் மெஷின், நுரை ததும்பும் கப், மேலே தூவிய காபித்தூள். "எக்ஸ்பிரஸோ ஒண்ணு" என்று கேட்டு வாங்கிக் குடிப்போம்.

ஆனால் அது எஸ்பிரெசோ இல்லைங்க. இன்ஸ்டன்ட் தூளும் சர்க்கரையும் போட்ட பாலை நீராவி விட்டு நுரைக்க வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்போ நிஜ எஸ்பிரெசோ எது?

நைசாக அரைத்த தூளை அழுத்தி வைத்து, அதன் வழியே சுமார் 93 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீரை 9 பார் அழுத்தத்தில் செலுத்த வேண்டும். 18 கிராம் தூளுக்கு 25-30 விநாடியில் சுமார் 36 கிராம் காபி இறங்கும். பால் கிடையாது. கார் டயரில் இருப்பதே சுமார் 2 பார் தான் என்றால் பார்த்துக்கோங்க! நம்ம ஃபில்டரில் டிகாக்‌ஷன் தானாகச் சொட்டுவதோடு சரி.

இத்தாலியிலும் முதலில் ஆவிதான். துரின் நகரின் ஆஞ்சலோ மொரியோண்டோ 1884-ல் காப்புரிமை வாங்கியது நீராவி மெஷினுக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அகிலே காஜ்ஜியாவின் லீவர் மெஷின் வந்தபோதுதான் 'கிரெமா' எனும் பொன்னிற நுரை கிடைத்தது.

மெஷின் வாங்கலாமா?

பெட்டியில் '15 பார்', '20 பார்' என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அது பம்ப்பின் உச்சத் திறன். காபிக்கு 9 போதும். காசை நல்ல கிரைண்டரில் போடுங்க. ஜிஎஸ்எம் மாறினால் துணியே மாறுவதுபோல, அரைப்பு மாறினால் காபியே மாறிவிடும். சிக்கரி கலந்த தூள் மட்டும் வேண்டாம், ஊறிப் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும்.

மெஷின் இல்லையா?

1933 முதல் இத்தாலிய வீடுகளில் இருக்கும் மோக்கா பாட் போதும். கீழ் அறையில் வால்வுக்குக் கீழே வரை சுடுதண்ணீர், நடுவில் அழுத்தாமல் நிரப்பிய தூள், சிறு தீ. களகளவெனச் சத்தம் வந்ததும் இறக்கிவிடுங்கள். அழுத்தம் 1-2 பார் தான். கிரெமா வராது, ஆனால் காபி திடமாக இருக்கும்.

கல்யாண டேஸ்ட்தான் வேணும் என்றால் இன்னும் சுலபம். ஒரு ஸ்பூன் இன்ஸ்டன்ட் தூள், இரண்டு ஸ்பூன் சர்க்கரை, சில துளி வெந்நீர். நிறம் வெளுத்து க்ரீம் போல ஆகும்வரை அடித்து, கொதிக்கும் பாலை மேலிருந்து ஊற்றுங்க.

குக்கர் வேண்டவே வேண்டாம்!

குக்கர் விசிலைக் கழற்றி, குழாய் மாட்டி பாலை நுரைக்க வைக்கும் வீடியோக்கள் சுற்றுகின்றன. குழாய் அடைத்தாலோ மடிந்தாலோ ஆவி வெளியேற வழியில்லாமல் போகும். குழாய் கழன்றால் முகத்தில் அடிக்கும். ஆவி பட்டால் கொதிநீரை விட மோசமாக வேகும். பனியன் கம்பெனியில் ஸ்டீம் அயர்ன் போடுபவர்களிடம் கேட்டுப் பாருங்க. நுரைதானே வேணும்? டபராவில் இரண்டு ஆத்து உயர்த்தி ஆத்தினாலே வந்துவிடும்.