சோற்றுக்கு முன் கோப்பையைக் கவனியுங்கள்

எடை குறைக்க நினைத்தால் நம்மவர்கள் முதலில் சோற்றைத்தான் நிறுத்துகிறார்கள். கோப்பையை யாரும் பார்ப்பதில்லை. ஒரு மேசைக்கரண்டி இனிப்புக் கெட்டிப்பாலில் ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி சீனி இருக்கிறது. பசியாறாமல் தே தாரிக் மட்டும் குடித்துவிட்டு வேலைக்குப் போனால், பத்து மணிக்கெல்லாம் சோர்வும் எரிச்சலும் வருவதில் வியப்பில்லை. தே ஓ கோசோங் முதல் வாரம் கசக்கும். பிறகு நாக்கு பழகிவிடும்.

சோற்றுக்குச் சுகாதார அமைச்சு சொல்வது ‘கால், கால், அரை’ கணக்கு: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும். குழம்பில் கிடக்கும் உருளைக்கிழங்கு சோற்றுப் பங்கில்தான் சேரும்!

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாங்களாகவே சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கிளினிக்கில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.